மாமாவுக்கு ஏன் பசிக்கவில்லை?

பசிக்கவில்லை என்று சாப்பாட்டுப் பிரியர் ஒருவர் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. என் தாய்மாமா விருதுநகர்க்காரர். எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன ஊர். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வருகிற வழியில் பரோட்டாவும் சுக்காவும் ஒரு கை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அத்தை மனசு கோணக்கூடாதே என்று மறுபடி ஒரு தட்டு சோறு சாப்பிட்ட மனிதர். குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரை இருந்தது, தொப்பை இருந்தது, கல்லீரலில் கொழுப்பு என்று எப்போதோ ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. கொழுப்பு தழும்பாகி, தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகி, வயிற்றில் நீர் கோர்த்தபோதுதான் கல்லீரல் என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டுப் பேச்சில் வந்தது.

இப்போது அவர் முன்னால் மூன்று இட்லி வைத்தால் முதலாவது முழுசாகப் போகும். இரண்டாவதைப் பிட்டு சாம்பாரில் புரட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாவதன் மேல் கை போகாது. "போதும் மாப்ள, வயிறு திம்முனு இருக்கு" என்பார். சாப்பிட ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இதற்கு வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். அத்தைக்கு அது வீம்பு. அவர் மகன், அதாவது என் மச்சான், "அப்பா மனசு விட்டுட்டாரு" என்கிறான். பக்கத்து வீட்டு ஆச்சி, "மாத்திரை தின்னுதின்னு நாக்கு செத்துப்போச்சு" என்கிறார். ஆச்சி சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, பின்னால் வருகிறேன். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். வருஷா வருஷம் பசி ஹார்மோன்களைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு மாமாவின் தட்டைப் பார்த்தால், வீம்பு என்று சொல்ல வாய் வருவதில்லை.

பசி என்பது காலி வயிறு கத்துவது மட்டுமல்ல. இரைப்பையின் மேல்பகுதியிலிருந்து கிரெலின் என்ற சின்னப் புரதம் சுரக்கிறது. 28 அமினோ அமிலங்கள்தான். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் இது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இதற்கு எதிர்ப்பக்கம் லெப்டின். 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கண்டறிந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து வருவது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப இதன் அளவும் இருக்கும். இரண்டும் போய்ச் சேருகிற இடம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அங்கே சாப்பிடத் தூண்டும் நரம்பணுக்கள் ஒரு கூட்டம், போதும் என்று சொல்லும் நரம்பணுக்கள் இன்னொரு கூட்டம். இவை போக, சிறுகுடலுக்குள் கொழுப்பும் புரதமும் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் சுரந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு நிறைவைச் சொல்லும். இரைப்பை காலியாவதையும் மெதுவாக்கும். குடலின் கடைக்கோடியிலிருந்து ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்று இன்னும் இரண்டு.

இந்த ஏற்பாட்டில் கல்லீரலுக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பாடப்புத்தகப் படத்தில் கல்லீரல் இருக்காது. ஆனால் குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் வருகிற ரத்தம் முழுக்க முதலில் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்துதான் மற்ற இடங்களுக்குப் போகிறது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். கணையம் விடுகிற இன்சுலினில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்து அழித்துவிடும். சிரோசிஸில் கல்லீரல் இறுகிப்போய் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பக்கத்துக் குழாய்களைப் பெரிதாக்கிக்கொண்டு சுற்றுவழியில் போகிறது. எண்டோஸ்கோப்பியில் பார்த்து பேண்ட் போடுகிறார்களே, உணவுக்குழாயில் புடைத்த அந்த ரத்தக்குழாய்கள் எல்லாம் இந்தச் சுற்றுவழிதான். அந்த வழியில் போகிற இன்சுலினை அழிக்க ஆளில்லை. உடம்பும் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை என்பதால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. ஆக ரத்தத்தில் எந்நேரமும் இன்சுலின் அதிகம். மூளைக்கு இன்சுலினும் ஒரு நிறைவுச் செய்திதான்.

லெப்டின் கதை இன்னும் விசித்திரம். மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்தால் புஜத்தில் தோல் தொங்குகிறது, நெற்றிப்பொட்டு குழிந்துவிட்டது. உடம்பு இளைத்தால் கொழுப்பு குறையும், கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், லெப்டின் குறைந்தால் பசி கூட வேண்டும். பட்டினி கிடந்த யாருக்கும் நடப்பது இது. சிரோசிஸில் பல ஆய்வுகளில் பார்த்தது வேறு: உடம்பில் மிஞ்சியிருக்கும் கொழுப்புக்கு இருக்க வேண்டியதைவிட லெப்டின் கூடுதலாக இருந்தது, குறிப்பாகக் குடியால் கல்லீரல் கெட்டவர்களிடம். சிறுநீரகம் லெப்டினை வெளியேற்றுவது குறைகிறது. கல்லீரலில் தழும்பை உண்டாக்குகிற ஸ்டெல்லேட் செல்களே லெப்டினை உண்டாக்கவும் செய்கின்றன. பணம் கரைந்த பிறகும் பழைய இருப்பையே காட்டுகிற பாஸ்புக் மாதிரி, மூளைக்குப் போகிற கணக்கு தப்பு. எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோய் முற்றி எலும்பும் தோலுமாக ஆனவர்களிடம் லெப்டின் குறைந்திருந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன.

கிரெலின்? அங்கே குழப்பம் இன்னும் அதிகம். நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளிடம் கிரெலின் கூடியிருக்கிறது என்று சில ஆய்வுகள், குறைந்திருக்கிறது என்று சில. நான் இதை வகுப்பில் சொல்லும்போது பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு கேட்கும், ஆராய்ச்சி என்றாலே இப்படித்தானா என்று. இதற்குக் காரணம் இருக்கிறது. கிரெலின் வேலை செய்ய வேண்டுமானால் அதன் மூன்றாவது அமினோ அமிலத்தில் ஒரு சிறு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாதது பசியைத் தூண்டாது. ரத்தத்தை எடுத்துச் சரியாகப் பதப்படுத்தாமல் மேஜை மேல் வைத்தால் அந்த ஒட்டு சீக்கிரமே கழன்றுவிடும். ஒரு ஆய்வகம் மொத்த கிரெலினை அளந்திருக்கும், இன்னொன்று ஒட்டுள்ளதை மட்டும் அளந்திருக்கும். நோயாளிகளும் ஒரே ரகம் இல்லை: குடியால் வந்தது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸால் வந்தது, கொழுப்பால் வந்தது, நீர் கோர்த்தவர், கோர்க்காதவர். கிரெலின் கூடியிருந்தும் பசிக்காதவர்களும் உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரைப்பை கூப்பிடுகிறது, மூளை எடுப்பதில்லை.

ஏன் எடுப்பதில்லை என்பதற்கு இப்போது அதிகம் பேசப்படுகிற ஆள் ஜி.டி.எஃப்.15. உடம்பில் எந்தத் திசு அவதிப்பட்டாலும் இந்தப் புரதம் ஏறும். கல்லீரல் இதைத் தாராளமாகச் சுரக்கும். சிரோசிஸில் அளவு நன்றாகவே கூடியிருக்கும். இதன் செய்தியை வாங்கிக்கொள்கிற ஏற்பி எங்கே இருக்கிறது என்று வெகுநாள் தெரியாமல் இருந்தது. 2017இல் நாலு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன: மூளைத்தண்டில், வாந்தியுணர்வு கிளம்புகிற அந்தச் சிறு பகுதியில் மட்டும். 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு வருகிற கடுமையான மசக்கைக்கும் இதே புரதம்தான் முக்கியக் காரணம் என்று காட்டியது. இதை அத்தையிடம் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. மச்சானைச் சுமந்தபோது தாளிப்பு வாடை பட்டாலே கிணற்றடிக்கு ஓடியவர் அவர். "அப்ப இவுகளுக்கும் அதே குமட்டலா?" என்று கேட்டார். அதே அளவு என்று சொல்ல முடியாது, அதே வழி என்று சொல்லலாம் என்றேன். அன்றிலிருந்து வீம்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் குறைந்திருக்கிறது.

ஹார்மோன் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் கூடாது. வயிற்றில் நீர் நிறைந்திருக்கும்போது இரைப்பை விரிய இடமே இருக்காது. மாமா வேட்டி முடிச்சை தொப்புளுக்குக் கீழே தளர்த்திக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார முடியாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடியேதான் சாப்பிடுவார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு வந்தால் அன்று சாயங்காலமே ஒரு தோசை கூடப் போகும். ஆய்வுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள்: நீரை எடுத்ததும் இரைப்பை கொள்ளும் அளவும் உள்ளே போகும் கலோரியும் கூடுகின்றன. இன்னொரு பக்கம் லாக்டுலோஸ் சிரப். அம்மோனியா ஏறி மூளை குழம்பாமல் இருக்கக் கொடுப்பது, நிறுத்தவே கூடாது. ஆனால் வயிறு உப்பும், பிசுபிசுவென்ற அந்த இனிப்பு வாயிலேயே நிற்கும்.

அப்புறம் ஆச்சி சொன்ன நாக்கு. சிரோசிஸில் துத்தநாகச் சத்து குறைவது சகஜம். உள்ளே போவது குறைவு, சிறுநீரில் வெளியே போவது அதிகம், நீர் மாத்திரை அதை இன்னும் கூட்டும். துத்தநாகம் குறைந்தால் ருசி மங்கும். ஏற்கெனவே மங்கின நாக்குக்கு உப்பில்லாச் சாப்பாடு. நீர் கோர்த்தவருக்கு உப்பைக் குறைக்கத்தான் வேண்டும், நாளைக்கு 5 கிராம் அளவில், ஒரு டீஸ்பூன். ஆனால் குறைப்பதற்கும் அறவே ஒழிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உப்பே இல்லாத சாம்பாரை ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும், பசியோடு இருக்கிறவனுக்கே அது இறங்காது. அத்தை இப்போது அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடைப் பலகாரம் இவற்றை ஒதுக்கிவிட்டு, அளந்து வைத்த உப்பைக் கூட்டு பொரியலுக்குப் போடாமல் குழம்புக்கும் ரசத்துக்கும் மட்டும் போடுகிறார். பொரியலுக்கு மிளகு, எலுமிச்சை, வறுத்து அரைத்த சீரகம். இது அவருடைய சொந்த யோசனை. நல்ல யோசனை.

எனக்குக் கோபம் வருகிற இடம் பத்தியம். மஞ்சள் காமாலை என்றால் எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை வாசனையே ஆகாது, மோர்ச் சோறும் கஞ்சியும்தான் என்று நம் ஊரில் ஒரு வழக்கம் வேரோடி நிற்கிறது. சில வாரத்தில் தானாகச் சரியாகிற வைரஸ் காமாலையில் இந்தப் பத்தியத்தை ஒரு மாதிரி ஓட்டிவிடலாம். அதே பத்தியத்தைச் சிரோசிஸ்காரருக்குப் போட்டால் இருக்கிற சதையும் கரையும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இந்த அறிவுரையையும் கொண்டுவருகிறார்கள். ஒருவர் பேர் தெரியாத லேகியம் ஒன்றும் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மருந்து எதுவும் இந்தக் கல்லீரலுக்கு வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

புரதத்தைக் குறைக்கும் பழக்கம் டாக்டர்களிடமும் இருந்ததுதான். புரதம் சிதைந்தால் அம்மோனியா, அம்மோனியா ஏறினால் குழப்பம், ஆகவே புரதத்தை நிறுத்து என்பது பல பத்தாண்டு நடைமுறை. 2004இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வில், குழப்பத்தோடு சேர்க்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவுக்குப் புரதத்தைக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான அளவு கொடுத்தும் பார்த்தார்கள். குழப்பம் தெளிவதில் வித்தியாசம் இல்லை. குறைத்தவர்களுக்கு உடம்பின் சொந்தப் புரதம்தான் கூடுதலாகச் சிதைந்தது. கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவைப் பிடித்து வைக்கிற அடுத்த இடம் தசை. தசை கரைந்தால் அந்த வேலைக்கும் ஆளில்லை. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், குறைந்தது 35 கலோரி என்கிறது. 60 கிலோ மனிதருக்கு 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுகிறவர் இதை எப்படி எட்டுவது? அதே வழிகாட்டுதல், நீர் கோர்த்தல் போன்ற சிக்கல் வந்த சிரோசிஸ்காரர்களில் பாதிக்கு மேல் சத்துக்குறைவோடு இருப்பதாகச் சொல்வதில் ஆச்சரியமே இல்லை. எடை மெஷினும் இதில் ஏமாற்றும். சதை போன இடத்தை நீர் நிரப்பியிருக்கும், முள் அசையாது.

பசி வரட்டும், சாப்பிடலாம் என்று காத்திருப்பது இங்கே செல்லாது. பசி வராது, அல்லது வந்து உடனே போய்விடும். எங்கள் வீட்டில் கடிகாரம்தான் சாப்பாட்டு மணி. விழித்திருக்கும் நேரத்தில் மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. காலையில் குமட்டல் குறைவாக இருக்கும்போதே முட்டை வெள்ளையும் இட்லியும். பத்தரைக்குத் தயிர். மத்தியானம் சோறு குறைவு, பருப்பும் மீனும் அதிகம். சாப்பிடும் முன்பு தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்புவதில்லை. சர்க்கரையும் இருப்பதால் மருந்தும் அளவும் டாக்டர் பார்த்துச் சொன்னபடி.

எல்லாவற்றிலும் முக்கியம் ராத்திரி. நல்ல கல்லீரலில் கிளைக்கோஜன் சேமிப்பு இருக்கும், விடியும்வரை அதிலிருந்து சர்க்கரை வரும். சிரோசிஸில் அந்தக் கிடங்கு சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1983இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது இது: ஒரு ராத்திரி சாப்பிடாமல் தூங்கி எழுந்த சிரோசிஸ் நோயாளியின் உடம்பு எரிபொருளாக எதை எரிக்கிறது என்று அளந்தால், ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்குச் சமமாக இருக்கிறது. சர்க்கரை தீர்ந்ததும் உடம்பு தசையை உடைத்துச் சர்க்கரை செய்யத் தொடங்கும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து காலை எட்டு மணிக்குப் பலகாரம் என்றால், தினமும் விடிவதற்குள் அது நடந்து முடிந்திருக்கும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே 710 கலோரிச் சத்துணவு. ஒரு பிரிவினர் பகலில் குடித்தார்கள், இன்னொரு பிரிவினர் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு. ஒரு வருஷம். ராத்திரி குடித்தவர்களுக்கு உடம்பின் புரதம் கூடியது, சதைக்கணக்கில் சுமார் இரண்டு கிலோ. பகலில் குடித்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பொருள் ஒன்று, கலோரி ஒன்று, மாறியது நேரம் மட்டும். மருந்துக் கம்பெனி காசு பார்க்க முடியாத சிகிச்சை என்பதாலோ என்னவோ, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

மாமாவுக்கு இப்போது படுக்கப் போகும் முன் சத்துமாவுக் கஞ்சி, பால் விட்டு, கெட்டியாக. சில நாள் அதற்குப் பதில் பொட்டுக்கடலைப் பொடி கலந்த பாலும் இரண்டு கோதுமை ரஸ்க்கும். முதலில் முரண்டு பிடித்தார். ராத்திரியில் தின்றால் ஜீரணமாகாது என்பது அவர் அப்பா காலத்து நியாயம். "பரோட்டாவை ராத்திரி பதினோரு மணிக்குத் தின்னப்ப இந்த நியாயம் எங்க போச்சு மாமா?" என்றேன். சிரித்துவிட்டுக் குடித்தார். கைப்பிடி பலம் அளக்கிற கருவி ஒன்று எங்கள் கல்லூரியின் உடற்கல்வித் துறையில் இருக்கிறது. அவ்வப்போது கடன் வாங்கிக்கொண்டு போய் அழுத்தச் சொல்வேன். எடையை நம்புவதைவிட இது மேல். குறையாமல் நிற்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பசியைத் திரும்பக் கொண்டுவர ஊசியோ மாத்திரையோ இல்லையா என்று மச்சான் கேட்டான். கிரெலினைப் போல வேலை செய்கிற அனமோரெலின் என்ற மாத்திரைக்கு 2021இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது, ஆனால் புற்றுநோயால் உடம்பு உருகுகிறவர்களுக்கு மட்டும். ஜி.டி.எஃப்.15ஐக் கட்டிப்போடுகிற பொன்செக்ரோமாப் என்ற ஊசியைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வந்தது, அதுவும் புற்றுநோயாளிகளிடம், எடை கூடியது. மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று சொல்கிற நிலையில் இரண்டுமே இல்லை.

மச்சான் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவனுக்கும் கொழுப்புக் கல்லீரல். அப்பாவைப் பார்த்து பயந்துபோய்ச் சோதித்ததில், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு தொடங்கியிருப்பது தெரிந்தது. அவனுக்குப் பேச்செல்லாம் செமாக்ளூடைட் பற்றி. குடலின் ஜி.எல்.பி.-1ஐப் போல நடித்துப் பசியை அடக்குகிற வாராந்தர ஊசி. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கொழுப்பால் அழற்சி வந்து நடுத்தர, முற்றிய தழும்பு நிலையில் இருக்கிற கல்லீரலுக்கு அனுமதித்தது. சிரோசிஸ் ஆனவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அவர்களிடம் நடத்திய முந்தைய ஆய்வில் தழும்பு குறையவும் இல்லை. ஒரே நோயின் முன்பாதியில் பசியை அடக்க ஊசி தேடுகிறோம், பின்பாதியில் பசி எங்கே போயிற்று என்று தேடுகிறோம். ஒரே சமையலறையில் அப்பா தட்டில் கூட வைக்க வேண்டும், மகன் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். அத்தை இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைப்பதில்லை. அப்பாவின் மிச்ச இட்லி மகனுக்குப் போய்விடுகிறது என்பது அவர் புகார்.

டாக்டர் மச்சானுக்கு இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றிருக்கிறார். முதலில் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறை, அப்புறம் மறுபடி ஃபைப்ரோஸ்கேன் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனும் பரோட்டாவை வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டான். அந்த ஒரு நாள் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதில்தான் அத்தைக்கும் அவனுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.